ஏழு கிளிக்

டிரீனுவின் துப்பாக்கியை நான் வாங்கியது
ஓட்டெப்பா முழுக்கத் தெரியும்.
அவள் விற்றாள் என்பதைத்தான்
யாரும் நம்பவில்லை.

நவம்பர். பனி இன்னும் மனம் வைக்கவில்லை.
ஆய்வாரின் பட்டறையில்
எண்ணெய், வால்நட் தூள், ஆறிப்போன காப்பி.
பிடிப்பானில் கிடக்கிறது அது,
மூன்று கிலோ எண்ணூறு கிராம்.
நான்கு குளிர்காலம்
எனக்கு முன்னால் சறுக்கிப்போன ஒரு முதுகில்
நான் பார்த்துக்கொண்டே வந்தது.

"முகத்தை வை" என்றான்.
வைத்தேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு கன்னம் இருந்தது.
துளைக்குப் பதில் உலோக விளிம்பு தெரிந்தது எனக்கு.
"உன் கண் நாலு மில்லிமீட்டர் தாழ்வு.
குறை இல்லை. அளவு."

திருகு இரண்டைத் தளர்த்திக்
கன்னத்தாங்கியைக் கழற்றினான்.
அடியில், முட்டுக் கொடுக்க,
பியர் கோப்பை வைக்கும் அட்டையில் நறுக்கிய துண்டு.
நூறில் ஒரு மில்லிமீட்டருக்குக் கடைந்த பாகங்கள் நடுவே
பாதி நரி, பாதி எழுத்து,
வட்டமாய்ப் பழுப்புக் கறை.
ஆய்வார் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அவளைப் பளிங்கில் செய்து வைத்திருந்தேன் நான்.

பிறகு வேலைகள்.
தோள்கட்டை ஒரு விரல் உள்ளே.
வார்க் கொக்கி தண்டவாளத்தில் இரண்டு துளை பின்னே,
என் கை குட்டை.
தோட்டா அடைப்பான்கள் நான்கும் செருகும் இடத்தில்
என் கையுறை சிக்குகிறது,
அரத்தால் லேசாகத் தடவினான்.
முதுகுப்பட்டையின் இடப்பக்கம் அவள் வியர்வையில் கறுத்திருந்தது.
அதை மாற்றவில்லை. காசில்லை.

கடைசியாக முன்குறி.
மூடியைத் திருகி வளையத்தை உள்ளங்கையில் கொட்டினான்,
வெளிச்சத்தில் பிடித்தான்,
இன்னொரு முறை பிடித்தான்.
"இவ்வளவு பெரிசா?"
கருப்பு வட்டத்தைச் சுற்றி
இத்தனை வெள்ளை விட்டுவைப்பவர்கள்
வட்டம் நிற்காது என்று தெரிந்தவர்கள்.
அலைய இடம் கொடுப்பவர்கள்.

நான் சின்னதைக் கேட்டேன்.
அவன் புருவம் ஏறியது, வாய் திறக்கவில்லை.

மைதானத்தில் எங்கள் இருவரைத் தவிர
காற்றுக்கொடி மட்டும்.
பாயில் படுத்தேன். ஐந்து தோட்டா.
கருப்பு, வளையத்தைத் தொட்டது, விலகியது, தொட்டது;
ஒவ்வொரு உரசலுக்கும் என் விரல் அவசரப்பட்டது.
தொலைநோக்கியில் பார்த்துவிட்டு ஆய்வார் சொன்னான்:
"கோழிக்குத் தீனி போட்டிருக்கிறாய்."

கேட்காமலே
அவளுடைய வளையத்தை மறுபடி போட்டான்.

மூச்சு பாதி. வெள்ளைக்குள் கருப்பு
தன்பாட்டுக்கு அசைந்தது.
அசையட்டும் என்று விட்டேன்.
ஐந்தும் ஒரு நாணயத்துக்குள்,
ஆனால் இடப்பக்கம் ஒதுங்கி.
"நல்ல குடும்பம். தப்பான வீட்டில் குடியிருக்கிறது."

பின்குறியின் குமிழில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி,
அவளுடைய சுழியம்.
வலப்பக்கம் திருப்பினேன்.
ஒன்று, இரண்டு,
குளிரில் எலும்பு நெட்டி முறிவது போல
ஏழு.
அவள் பார்த்த இடத்துக்கும் நான் பார்க்கும் இடத்துக்கும்
இவ்வளவுதான் தூரம்.

"புள்ளியை அழிக்கவா? ஒரு சொட்டு அசிட்டோன் போதும்."

போன மார்ச் நினைவுக்கு வந்தது.
நின்று சுடும் கடைசிச் சுற்றில்
பக்கத்துப் பாயில் அவள்;
ஐந்தும் விழுந்தன, திரும்பிப் பாராமல் போனாள்.
கல்நெஞ்சக்காரி என்று
தண்டனைச் சுற்று ஓடிக்கொண்டே திட்டினேன்.
இவ்வளவு பெரிய வளையத்தோடா,
இவ்வளவு நடுக்கத்தோடா?

"இருக்கட்டும்" என்றேன்.
"எங்கிருந்து எண்ணினேன் என்று தெரிய வேண்டாமா?"

வானம் பார்த்தான். முதல் பனி,
விழுவதா வேண்டாமா என்று இரண்டு மூன்று துகள்.
குழல் வாயின் பனிமூடியைத் தட்டி மூடினேன்.
அதுவும் கிளிக் என்றது.
கணக்கில் சேராதது.